தேசிய அணியின் பயிற்றுநர் ராஜகோபால்

மாலையில் வேலை முடிந்து தோட்டத்துத் திடலில் நம் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து உதைத்த காட்சி நமக்குப் புதிதன்று. காஜாங் வட்டாரத்தில் அத்தகைய திடல்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. திடல் போனால் ஆட்டக்காரன் எங்கிருந்து வருவான்? இந்தக் கவலையோடுதான் கி. ராஜகோபால் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

1956ஆம் ஆண்டு கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் பிறந்தவர் இவர். சிலாங்கூர் அணிக்கு ஆடினார். தேசிய அணியிலும் ஓரத்தில் விரைந்தோடும் தாக்குதல் ஆட்டக்காரராக விளங்கினார். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், கிள்ளான் துறைமுகத்து ஆறுமுகம் போன்றோர் புகழ்பெற்றிருந்த காலம் அது. அத்தகையோர் நடுவில் இடம் பிடிப்பதே பெரிய காரியம்.

ஆடி ஓய்ந்தபின் பயிற்றுநரானார். 2009இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் பிரிவு ஆட்டத்தில் நம்மை 3-1 என வீழ்த்திய வியட்நாமையே இறுதியாட்டத்தில் 1-0 என வென்றோம். அந்த ஒரு கோலும் எதிரணி வீரர் தம் வலைக்குள்ளேயே தள்ளியது! ஆனாலும் 1989க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் காற்பந்துத் தங்கம் அது.

அடுத்த ஆண்டுதான் உண்மையான சோதனை. 2010 சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில், ஜகார்த்தாவில், இந்தோனேசியாவிடம் 5-1 எனத் தோற்றோம். ஊரெல்லாம் ஏச்சு. ராஜகோபால் இளைஞர்களைக் கைவிடவில்லை. அடுத்த ஆட்டம் முதல் 21 வயது கைருல் பாஹ்மியைக் கோல் காவலுக்கு நிறுத்தினார். தாய்லாந்துடன் சமநிலை, லாவோஸை 5-1 என வெற்றி, அரையிறுதியில் மீண்டும் வியட்நாம். இறுதியில் எதிரே நின்றது அதே இந்தோனேசியா!

டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் சாபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று என 3-0. நம் குணாளனும் அந்த அணியில் இருந்தார். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த பெனால்டியைக் கைருல் பிடித்தார். அன்று 2-1 எனத் தோற்றாலும், மொத்தத்தில் 4-2. மலேசியா அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை.

2013 வரை தேசிய அணியில் இருந்தார். பிறகு சரவாக் அணியையும் பயிற்றுவித்தார். அந்த வெற்றிக்காக 2010 டிசம்பர் 31ஆம் நாளை அரசாங்கம் பொது விடுமுறையாக்கியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.