தீவனச் செடியும் நீரிழிவு மாத்திரையும்: ழான் ஸ்டெர்னின் 1957 கட்டுரைக்கு முன்னும் பின்னும்

ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, எழுதியவரின் தகுதியை அளப்பது இன்று பல்கலைக்கழகங்களில் பழகிப்போன நடைமுறை. இதற்கான அட்டவணையை 1955இல் முன்மொழிந்த யூஜின் கார்ஃபீல்டின் முதன்மை நோக்கம் வேறு. ஒரு கருத்து எந்தெந்தத் துறைகளுக்குள் புகுந்தது, அங்கே யார் அதை மறுத்தார் என்று தடம்பிடிக்க ஒரு கருவி வேண்டும் என்றார் அவர். உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் நீரிழிவு மாத்திரைகளில் ஒன்றான மெட்ஃபார்மினின் வரலாற்றை அந்தப் பழைய நோக்கத்தோடு அணுகினால், தடம் மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது.

காலேகா அஃபிசினாலிஸ் பயறுவகையைச் சேர்ந்த செடி. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் புழங்கியது. இதைத் தின்ற பசுக்கள் கூடுதலாகப் பால் கறப்பதாக 1873இல் ஜில்லே-தமித் என்பவர் பிரெஞ்சு அகாதெமிக்கு எழுதினார். தீவனப் பயிராகும் என்ற நம்பிக்கையில் 1891இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு இது கொண்டுபோகப்பட்டது. அங்கே வயலைத் தாண்டி வாய்க்கால் கரைகளெங்கும் பரவிக் களையாயிற்று. ஆடுகளுக்கோ இது நஞ்சு. மிகுதியாக மேய்ந்த செம்மறிகளுக்கு மார்புக் கூட்டில் நீர் கோத்து மூச்சுத் திணறும், பல இறந்துபோகும்.

அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தவர் ழார்ஜ் தான்ரே. 1914இல் அவர் கண்ட காலெஜின், குவானிடின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள். குவானிடின் முயல்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று 1918இல் வட்டநாபே எழுதினார். 1922இல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் அதே குடும்பத்து மெட்ஃபார்மினைச் செயற்கையாகத் தயாரித்தனர். அவர்களுக்கு அது வேதியியல் பயிற்சி. நீரிழிவு அவர்கள் எண்ணத்தில் இல்லை. 1929இல் ஸ்லோட்டாவும் செஷேயும் இதே வகைப் பொருள்களை விலங்குகளில் சோதித்து, சர்க்கரை குறைவதைப் பதிவுசெய்தனர்.

மருந்து கையில் இருந்தது, பயனும் அச்சில் வந்துவிட்டது. ஆனாலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீரிழிவு மருத்துவர் யாரும் அதைத் தொடரவில்லை. காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1922 முதல் இன்சுலின் நோயாளிகளைச் சாவிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தது. மருத்துவ உலகின் கவனம் முழுவதும் அதன்மேல். நலமான விலங்குகளில் மெட்ஃபார்மின் பெரிய மாற்றம் எதையும் காட்டாது. அளவைக் கூட்டினால்தான் சர்க்கரை இறங்கும். அதைவிடக் கெட்ட பெயரைத் தேடித்தந்தது சிந்தாலின். 1926இல் ஜெர்மனியில் அறிமுகமான அந்தக் குவானிடின் வழி மருந்து நச்சுத்தன்மையால் கைவிடப்பட்டபோது, குடும்பம் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. 1929 கட்டுரையில் குறை கண்டு எவரும் அதைத் தள்ளியதாகக் கொள்ள முடியவில்லை. அதைத் தேடிப் படிக்க அன்று யாருக்கும் தேவை எழவில்லை, அவ்வளவுதான்.

மீட்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸில் எவுசேபியோ கார்சியா இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கு மெட்ஃபார்மினைக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறைவதை 1950இல் அந்நாட்டு மருத்துவ இதழில் குறிப்பிட்டார். பாரிஸை ஒட்டிய சுரேனில், ஆரோன் ஆய்வகத்தில் பணியாற்றிய ழான் ஸ்டெர்ன் கண்ணில் அது பட்டது. இளம் மருத்துவராகப் பயின்ற நாட்களிலேயே காலெஜினை ஆராய்ந்தவர் அவர். அந்த முன்னறிவு இல்லாதிருந்தால் கார்சியாவின் குறிப்பும் தூசி படிந்தே கிடந்திருக்கும் என்பது என் கணிப்பு. தெனீஸ் தியுவாலோடு சேர்ந்து பல சேர்மங்களைச் சோதித்து மெட்ஃபார்மினைத் தேர்ந்தார். நோயாளிகளிடம் கண்ட பலனை 1957இல் ‘மரோக் மெதிக்கால்’ என்ற மொராக்கோ மருத்துவ இதழில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் இந்தக் குடும்பத்து மற்றொரு மருந்தான ஃபென்ஃபார்மின் வந்தது. வீரியம் கூடிய அதுவே முன்னால் ஓடியது. இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தானதால் 1970களின் இறுதியில் பல நாடுகள் அதை விலக்கின. உடன்பிறந்த மருந்தின் பழி மெட்ஃபார்மின்மேலும் விழுந்தது. அமெரிக்க அனுமதி 1994 டிசம்பரில்தான் கிடைத்தது. 1998இல் பிரிட்டனின் யூ.கே.பி.டி.எஸ். என்ற நீரிழிவு ஆய்வு ‘லான்செட்’ இதழில் வெளியானது. உடல் எடை மிகுந்த நோயாளிகளில், உணவுக் கட்டுப்பாட்டையே முதன்மையாகக் கொண்ட வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட, மெட்ஃபார்மின் பெற்றவர்களிடம் நீரிழிவு சார்ந்த இறப்பு 42 விழுக்காடு குறைந்திருந்தது. நீரிழிவுத் துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்று அது.

நெடுநாள் உறங்கிப் பின்னர் விழிக்கும் கட்டுரைகளை ‘உறங்கும் அழகிகள்’ என்று 2004இல் மேற்கோள் ஆய்வாளர் வான் ரான் வகைப்படுத்தினார். ஸ்லோட்டாவின் கட்டுரைக்கு இந்தப் பெயர் ஓரளவே பொருந்தும், ஏனெனில் விழிக்க வைத்தவர் வேறு வழியாக வந்து சேர்ந்தவர். ஒரு கண்டுபிடிப்பு பாடநூலுக்குள் கரைந்தபின் முதலில் சொன்னவரை எவரும் சுட்டுவதில்லை என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியது இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது. மருந்துச்சீட்டில் நாள்தோறும் மெட்ஃபார்மின் எழுதும் மருத்துவருக்கு 1957 கட்டுரையைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

கால்நடை மருத்துவப் பக்கம் இன்னும் தனித்தே நிற்கிறது. யூட்டாவின் லோகன் நகரில் நச்சுத் தாவரங்களுக்கென்றே அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் இயங்குகிறது. 1980களில் காலேகா செம்மறிகளைக் கொல்லும் விதம் ஆராயப்பட்டு, கால்நடை நச்சியல் இதழ்களில் வெளியானது. நீரிழிவு ஆய்வாளர் அவற்றை நாடுவது அரிது. ஆய்வாளர் பெயரையும் எண்ணிக்கையையும் விட்டு, காலெஜின் என்ற மூலக்கூறின் பெயரைக் கொண்டு மேற்கோள்களைத் தொகுத்தால், மேய்ச்சல் நிலத்து நச்சியலும் நீரிழிவு மருந்தியலும் ஒரே பட்டியலில் வந்துவிடும். அப்படியொரு தொகுப்பில் தான்ரே, கார்சியா, ஸ்டெர்ன் ஆகியோரின் இடத்தை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.