ஒரு சின்னக் கோடு

ஒரு நாட்டின் பெயருக்கு நடுவே சின்னதாக ஒரு கோடு போடலாமா, கூடாதா? இதற்காக ஒரு நாடாளுமன்றமே ஏறக்குறைய மூன்று மாதம் மல்லுக்கட்டியது என்றால் நம்புவீர்களா?

1989 நவம்பரில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி ஆட்டம் கண்டது. டிசம்பரில் நாடக ஆசிரியர் வாக்லாவ் ஹாவெல் ஜனாதிபதி ஆனார். நாட்டின் பெயரில் உள்ள 'சோஷலிஸ்ட்' என்ற சொல்லைத் தூக்கிவிடுவோம் என்றார், 1990 ஜனவரியில். கைதட்டிவிட்டுக் கிளம்ப வேண்டிய சமாசாரம்.

ஸ்லோவாக்குகள் விடவில்லை. மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், 'செக்கோ'வுக்கும் 'ஸ்லோவாக்'குக்கும் நடுவே ஒரு ஹைஃபன் போடுங்களேன்!

ஹைஃபன் போட்டால் இருவரும் சரிசமம். ஒட்டி எழுதினால்? உலகம் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு எல்லோரையும் 'செக்' என்றே கூப்பிடுகிறது. நியாயமான ஆதங்கம்தான். 1919இன் சமாதான ஒப்பந்தத்தில்கூடக் கோடு இருந்தது. 1920 அரசியல் சட்டத்தில்தான் காணாமல் போனது.

செக்குகளுக்கோ கோடு என்றாலே கசப்பு. 1938இல் மியூனிக் ஒப்பந்தத்தால் ஹிட்லர் நாட்டைக் கூறுபோட்ட பிறகு வந்து ஒட்டிக்கொண்ட கோடு அல்லவா அது?

மார்ச்சில் சமரசம். செக் மொழியில் கோடு கிடையாது, ஸ்லோவாக் மொழியில் உண்டு. ஒரே நாடு, இரண்டு ஸ்பெல்லிங்! அதுவும் எடுபடவில்லை. ஏப்ரலில் 'செக் மற்றும் ஸ்லோவாக் கூட்டாட்சிக் குடியரசு' ஆனது.

இதில் தமாஷ், இந்தச் சண்டைக்கு அவர்கள் வைத்த பெயர் 'டேஷ் யுத்தம்'. ஹைஃபன் குட்டை, சொற்களைச் சேர்ப்பது. டேஷ் நெட்டை, பிரித்து நிறுத்துவது.

1992 டிசம்பர் 31 நள்ளிரவோடு நாடு இரண்டானது.