கமுந்திங் முகாமும் மூன்றில் இரண்டு பங்கும்: அரசியலமைப்பு திருத்தம் என்றால் என்ன?

தைப்பிங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு கமுந்திங் ஒரு சாதாரண ஊர். நாட்டின் மற்ற பகுதிகளில் அந்தப் பெயரைச் சொன்னால், பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ‘இசா’தான். விசாரணையே இல்லாமல் ஆட்களைத் தடுத்து வைத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அது. அரசியலமைப்பு இருக்கும்போது அது எப்படி முடிந்தது?

சுருக்கமான பதில்: அரசியலமைப்பே அனுமதித்தது. 149-வது பிரிவு, நாசவேலையைத் தடுக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போடலாம் என்கிறது. அடிப்படை உரிமைகள் சிலவற்றை அந்தச் சட்டம் மீறினாலும் செல்லும்.

ஆனால் 1957-ல் அந்தப் பிரிவுக்கு ஒரு கடிவாளம் இருந்தது. லார்ட் ரீட் தலைமையில் ஐந்து பேர் கொண்ட குழு அரசியலமைப்பை வரைந்தது. அதில் ஒரு மலாயாக்காரர்கூட இல்லை. இந்தியாவிலிருந்து நீதிபதி பி. மாலிக் இருந்தார். பொது வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. 1957 ஆகஸ்ட் 15-ல் கூட்டரசு சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. அப்போதைய வாசகத்தின்படி, 149-வது பிரிவின் கீழ் போடப்படும் சட்டம் ஒரே ஆண்டில் காலாவதியாகிவிடும்.

1960-ல் வந்த திருத்தம் அந்த ஒரு வருடக் கெடுவை எடுத்துவிட்டது. யாரையும் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க, ‘போதுமான காரணம் இருக்கிறது’ என்று ஆலோசனை வாரியம் சொல்லியாக வேண்டும் என்பதும் தளர்ந்தது. வாரியம் பரிந்துரை மட்டும் செய்தால் போதும். அதே ஆண்டு ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே இசா அமலுக்கு வந்தது. அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் உள்ளே. பிறகு அதை நீட்டிக்கவும் முடியும்.

அவ்வளவு சுலபமா திருத்த முடியுமா? 159-வது பிரிவுப்படி, பெரும்பாலான திருத்தங்களுக்கு இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சிலவற்றுக்கு ஆட்சியாளர்கள் மன்றத்தின் ஒப்புதலும் தேவை. 1959 தேர்தலில் கூட்டணிக் கட்சி 104-ல் 74 இடங்களைப் பிடித்தது. கணக்கு சரியாகிவிட்டது.

இங்கே அமெரிக்காவோடு ஒரு வித்தியாசம். அங்கே அரசியலமைப்பை 13 மாநிலங்களில் 9 ஏற்க வேண்டியிருந்தது. அந்தச் சண்டையில்தான் ஆதரவு அணி, எதிர்ப்பு அணி என்று முதல் பிரிவுகள் உருவாயின. எதிர்ப்பாளர்களின் நெருக்கடியால் 1791-ல் வந்த முதல் பத்து திருத்தங்கள் உரிமைகளைக் கூட்டின. இங்கே கட்சிகள்தான் முன்னாடி: அம்னோவும் மஇகாவும் 1946, மசீச 1949. மூன்றும் சேர்ந்து 1955 தேர்தலில் 52-ல் 51 இடங்களை வென்றன. கை நழுவிய ஒரே தொகுதி கமுந்திங்கிலிருந்து அதிக தூரமில்லாத கிரியான். நம்முடைய ஆரம்பகாலத் திருத்தங்களில் முக்கியமானது உரிமைகளைச் சுருக்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

1987 லாலாங் நடவடிக்கையில் 106 பேர் பிடிபட்டார்கள். லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங், தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட், பி. பட்டு ஆகியோரும் அவர்களில் அடக்கம். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் கமுந்திங் போனார்கள். அவர்களில் எம். மனோகரன், உள்ளே இருந்தபடியே 2008 மார்ச்சில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். அதே தேர்தலில் தேசிய முன்னணிக்கு 222-ல் 140 இடங்கள்தான். மூன்றில் இரண்டுக்கு 148 வேண்டும். ஐவரும் 2009 மே மாதத்துக்குள் விடுதலையானார்கள்.

இசா 2012-ல் ரத்தானது. பதிலுக்கு வந்த சொஸ்மாவில் போலீஸ் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். அதற்கும் அடிப்படை அதே 149-வது பிரிவுதான்.

மூன்றில் இரண்டு கிடைக்காமலும் போகும். சபா, சரவாக் நிலை பற்றிய திருத்தம் 2019 ஏப்ரலில் 138 வாக்கோடு நின்றுபோனது, 2021-ல்தான் நிறைவேறியது. 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த திருத்தத்துக்கோ 211 பேர் ஆதரவு, எதிர்ப்பே இல்லை. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில், தைப்பிங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் கமுந்திங்கிலும் 18 வயதுக்காரர்கள் முதல் தடவையாக வாக்களித்தார்கள்.