மொறிஸ் மைனரும் கல்லடிப் பாலமும்



பிராடோ பெரிதா, பழைய மொறிஸ் மைனர் பெரிதா என்று நம் இளைஞர்கள் வாதாடுகிறார்கள். கொஞ்சம் வரலாறும் பார்ப்போம்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து இலட்சத்தைத் தாண்டி விற்பனையான முதல் பிரித்தானியக் கார் அது.

இங்கே அது நீண்டகாலம் ஓடியதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை புதுக்கார் பலருக்கும் எட்டாக்கனி. இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். கார்புரேட்டர், பிளக் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. இன்றைய சொகுசு வாகனம் பழுதானால் முதலில் கம்ப்யூட்டரைத்தான் பூட்டிப் பார்க்க வேண்டும்.

1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் ஒடுக்கமானது. ஒரு பக்கம் நின்றால்தான் மறுபக்கம் போகலாம். 2013இல் புதுப்பாலம் வரும்வரை பழைய காரும் சொகுசுக் காரும் அங்கே ஒரே வரிசையில்தான் காத்து நின்றன.

2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும்.

டொலர் இல்லாத நாளில் திருத்தத் தெரிந்த கைதான் சொத்து. அந்தக் கைகளுக்கு வயதாகிறது. பழைய காரை இரும்புக்குப் போடாதீர்கள். மூத்த மெக்கானிக்மாரிடம் நம் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்புங்கள்.