மொட்டைக் கடுதாசியும் மோசடி மின்னஞ்சலும்: ஹெர்லியின் வாசிப்புக்குத் தேனியிலிருந்து ஒரு மறுப்பு

மின்னஞ்சல் மோசடியின் வரலாற்றை எழுதப் புகுந்தால் கார்மக் ஹெர்லியைத் தாண்டிப் போக முடியாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த அவர் 2012இல் ஒரு கேள்வி எழுப்பினார். நைஜீரியா என்ற பெயரைப் பார்த்ததுமே ஆட்கள் உஷாராகிவிடும் காலத்தில், மோசடிக்காரர்கள் அந்தப் பெயரை ஏன் மறைப்பதில்லை? அவர் கண்ட விடை: ஒரே மடலை லட்சம் பேருக்கு அனுப்பச் செலவே இல்லை, ஆனால் பதில் போடும் ஒவ்வொருவரிடமும் வாரக்கணக்கில் பேசிப் பணம் கறக்க ஆள் வேண்டும். பாதி வழியில் சுதாரித்துக்கொள்கிறவரால் அந்த உழைப்பு வீணாகும். நம்பவே முடியாத கதையாக எழுதினால் விவரமானவர்கள் முதல் வரியிலேயே விலகிவிடுவார்கள், ஏமாளி மட்டும் எஞ்சுவார். மடலின் அபத்தமே சல்லடை.

இந்த வாதத்தின் கூர்மையை நான் குறைத்துப் பேசவில்லை. முன்பணம் கேட்கும் மோசடிக்கு இது இன்றும் சிறந்த விளக்கம். ஆனால் இது கணித மாதிரி. கள ஆய்விலிருந்து எடுத்ததல்ல. அந்த மாதிரிக்குள் இரண்டு முற்கோள்கள் இருக்கின்றன. ஒன்று, பின்தொடரும் ஆளுக்கு ஆகும் செலவு எப்போதும் அதிகம். மற்றொன்று, மடலைப் படிக்கிறவர்கள் இரண்டே வகை: நம்பி விழுகிறவர், சந்தேகப்பட்டு அழிக்கிறவர். முதலாவது காலத்தால் மாறக்கூடியது. இரண்டாவது தொடக்கத்திலிருந்தே தவறு என்பது என் துணிபு. ஹெர்லியை எடுத்தாள்கிறவர்கள் கணக்கை விட்டுவிட்டு ‘ஏமாளி’ என்ற சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு போனதும், அது வங்கி அறிவிப்புகளிலும் காவல்துறை விழிப்புணர்வு உரைகளிலும் குடியேறியதும் என் வருத்தத்துக்குக் காரணம்.

தமிழ்நாட்டுப் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 2004இல் சென்னையில் ஒரு பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, அவரை இழிவுபடுத்தும் செய்திகளை யாஹூ குழுவில் பரப்பிய வழக்கில், அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டில் கிடைத்த முதல் தண்டனை அதுவே என்பர். குற்றவாளி வந்துபோன பிரவுசிங் சென்டர்களை நடத்தியவர்கள் சாட்சி சொன்னார்கள். அங்கே பறிபோனது பணமல்ல, பெயர். அந்தப் பெண் எந்த மடலையும் நம்பவில்லை, எதற்கும் பதில் போடவில்லை. ஹெர்லியின் மாதிரியில் அவருக்கு இடமே இல்லை.

அடுத்தது 2007. அபுதாபியில் வேலைபார்த்த ஒருவருக்குத் தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கு. வங்கியிடமிருந்து வந்ததைப் போலவே செப்டம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது, கேட்ட விவரங்களைக் கொடுத்தார், 6.46 லட்சம் ரூபாய் போயிற்று. மும்பையில் இருந்த ஒரு கணக்குக்குப் போய் அங்கே எடுக்கப்பட்டது. இந்த மடலில் அபத்தம் எதுவும் இல்லை. விவரமானவரை விலக்கும் நோக்கமே அதற்குக் கிடையாது. கூடியமட்டும் எல்லோரையும் உள்ளே இழுப்பதுதான் நோக்கம். காரணம் எளிது. கடவுச்சொல் கிடைத்த பிறகு யாரிடமும் பேசவேண்டியதில்லை. பின்தொடரும் செலவு ஒழிந்தவுடன் சல்லடைக்கு வேலையில்லாமல் போனது. இது ஹெர்லியின் கட்டுரைக்கு ஐந்தாண்டு முந்தியது என்பதை அவர் வழி வருபவர்கள் கவனிக்கவேண்டும்.

வாடிக்கையாளரின் அலட்சியமே காரணம் என்பது வங்கியின் எதிர்வாதம். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலராக இருந்து, தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்வு அலுவலராகவும் அமர்ந்த பி.டபிள்யூ.சி. டேவிதார் 2010 ஏப்ரல் 12இல் அதை ஏற்க மறுத்தார். உரிய எச்சரிக்கையோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்திருந்ததை வங்கி நிறுவவில்லை என்று கூறி, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க ஆணையிட்டார். ஏமாந்தவர் யார் என்று கேட்காமல் காவல் யாருடையது என்று கேட்ட ஆணை அது. மேல்முறையீடோ ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதை விசாரிக்கவேண்டிய சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நடுவிலிருந்து தலைவர் இல்லாமல் இருந்து, 2017இல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தோடு இணைக்கப்பட்டது. முடிவு 2019இல்தான் வந்தது, வங்கிக்குச் சாதகமாக அல்ல.

இனி தேனி. இங்கே நான் எடுத்துக்கொள்ளும் ஆதாரம் பண மோசடி மடல் அல்ல. ஒரு மோசடியை வெளிக்கொண்டுவந்த மடல் அது. 2019 செப்டம்பரில், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதலாண்டு மாணவர் ஒருவருக்காக நீட் தேர்வை வேறொருவர் மும்பையில் எழுதினார் என்பது அதன் சாரம். மடல் வந்த நாளாக 11, 13 இரண்டும் பேசப்படுகின்றன. ஒரே மடல் இருமுறை வந்ததா, இரண்டு மடல்களா என்பதை என்னால் தீர்க்க இயலவில்லை. மடலின் வாசகத்தையும் நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. கல்லூரி அதைக் கையாண்ட வரிசையே எனக்கு முக்கியம்.

வெளித்தோற்றத்தில் அந்த மடலுக்கு ஸ்பேமுக்குரிய அடையாளங்கள் எல்லாம் இருந்தன: தெரியாத முகவரி, திடுக்கிடவைக்கும் செய்தி, உடனே எதையாவது செய்யத் தூண்டும் தொனி. பாதுகாப்பு அறிவுரைகளை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருந்தால் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். கல்லூரி அதை நம்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஹால் டிக்கெட்டில் இருந்த படத்தை எடுத்து மாணவரின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பொருந்தவில்லை. 18ஆம் தேதி க.விலக்கு காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. பிறகு சிபிசிஐடிக்குப் போனது. மாணவரும் தந்தையும் அந்த மாத இறுதிக்குள் கைதாயினர். விசாரணை வேறு சில கல்லூரிகளுக்கும் நீண்டது.

ஹெர்லியின் இரண்டு வகைக்குள் அடங்காத இந்த மூன்றாவது வாசகர் எங்கிருந்து வந்தார்? மொட்டைக் கடுதாசியிலிருந்து என்பேன். கையெழுத்தில்லா மனு நம் அலுவலகங்களுக்குப் புதிதல்ல. அனுப்பியவர் யார் என்பதை ஒதுக்கிவைத்து, சொன்ன விவரம் தாளில் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எழுத்தர் மேசையில் தலைமுறைகளாக ஊறியது. விதிகள் இதில் தடுமாறியிருக்கின்றன. மத்திய கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூனில் பெயரில்லாப் புகார்மீது நடவடிக்கை கூடாது என்றது. 2002 அக்டோபரில் சரிபார்க்கத்தக்க விவரம் இருந்தால் தன் இசைவோடு பார்க்கலாம் என்றது. 2014 நவம்பரில் அந்த வழியையும் அடைத்தது. மத்திய நிறுவனங்களுக்கான இந்த ஆணைகள் ஒரு மாநிலக் கல்லூரியைக் கட்டா. ஆயினும் 2002ஆம் ஆண்டு ஆணையின் ‘சரிபார்க்கத்தக்க விவரம்’ என்ற அளவுகோலும் தேனியில் நடந்ததும் ஒன்றே. ஒரே ஒரு மடலை வைத்து இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். எல்லா வாசகரும் இரண்டே வகை என்ற கோட்பாட்டை உடைக்க, மூன்றாம் வகை ஒன்று இருப்பதைக் காட்டினால் போதும்.

மோசடியும் இந்த வாசகரை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது என்று கருதுகிறேன். விவரத்தைச் சரிபார்க்கிறவரை வீழ்த்தச் சரியான விவரத்தையே கொடுக்கவேண்டும்: பெயர், ஆதார் எண்ணின் சில இலக்கங்கள், வங்கிக் கிளை. தேனி மாவட்டக் கம்பத்தில் வீடும் கேரளத்து வண்டன்மேட்டில் ஏலத்தோட்டமும் வைத்திருப்பவரின் கைபேசி எண்ணும் கணக்கு விவரமும் இரு மாநில அலுவலகங்களில் கிடக்கின்றன. மின்னஞ்சலில் தொடங்கியது எஸ்எம்எஸ்ஸுக்கும் வாட்ஸாப்புக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஆண்டு தாவியது என்று வரையறுக்க என்னிடம் சான்றில்லை. 2021 வாக்கில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் வந்தபோது அந்தத் தாவல் முடிந்திருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

சட்டமும் மடலைக் கைவிட்டது. அனுப்பியவர் யார் என்பதில் பெறுநரை ஏமாற்றும் மின்னஞ்சலையும், தொல்லை தரும் மின்னஞ்சலையும் நேரடியாகக் குற்றமாக்கிய ஒரே வாசகம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் (சி) உட்பிரிவு. கருத்துரிமையைக் காக்க 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் 66ஏ முழுவதையும் நீக்கியபோது, அதுவும் சேர்ந்து போனது. தீர்ப்பு சரியானதே. ஆனால் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் பிறகு வரவே இல்லை. ஆள்மாறாட்டத்துக்கு 66டி, கடவுச்சொல் திருட்டுக்கு 66சி என்று, இழப்பு நேர்ந்த பிறகு பிடிக்கும் பிரிவுகளே மிச்சம்.

ஹெர்லியின் முதல் முற்கோளுக்கு வருகிறேன். பின்தொடர ஆள் கிடைப்பது அரிது என்பதுதான் அவருடைய கணக்கின் அச்சாணி. 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் சென்னை வந்திறங்கினார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் சென்று, எல்லை கடத்தி, மோசடிக் கூடங்களில் அடைத்து, அடித்து வேலை வாங்கியிருந்தார்கள். கம்போடியாவிலிருந்தும் அதே கதைதான் பின்னர் வந்தது. கூலியே இல்லாத ஆட்கள் பகலும் இரவும் பேசக் கிடைக்கும்போது, ஏமாளியை மட்டும் வடிகட்ட வேண்டிய தேவை மோசடிக்காரனுக்கு ஏது? ஐயப்படுகிறவரிடமும் மூன்று நாள் பேசலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் காவலர் வேடத்தில் வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’க்கு ஆளாவதை அவர்களின் அறியாமையால் விளக்குவது பொருந்தாது, எதிர்முனையில் இருப்பவரின் அடிமைத்தனமும் அந்தக் கணக்கில் சேரவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ‘ஏமாளி’ நம் விதிகளில் உட்கார்ந்திருக்கிறார். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் வெளியிட்ட சுற்றறிக்கை, பிழை வங்கியுடையதுமல்ல வாடிக்கையாளருடையதுமல்ல என்றால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை என்கிறது. ஆனால் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ தானே கொடுத்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த முழு இழப்பையும் தாமே சுமக்கவேண்டும். தூத்துக்குடிக்காரர் செய்ததும் அதுதான். 2010இன் ஆணை அவர்மீது சுமையை ஏற்றவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து எது நிற்கும் என்று பார்க்கும் வேலை இன்னும் நடக்கவில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழைக்கும் கம்பத்து விவசாயியின் பணம் திரும்புவதும் திரும்பாததும் அதைப் பொறுத்தே இருக்கிறது.