பட்டா ஒருவர் பெயரில்: பினாங்கின் முடியரசு நிலமும் மெர்டேக்காவின் சொத்துப் பங்கீடும்

மெர்டேக்கா எனப்படும் மலாயாவின் சுதந்திர நாளான 1957 ஆகஸ்ட் 31 அன்று ஒன்பது மலாய் மாநிலங்களிலும் நில உடைமை கைமாற வேண்டிய தேவை எழவில்லை. அங்கே நிலம் சுல்தான்களின் ஆட்சியுரிமைக்கு உட்பட்டது; பிரிட்டன் பாதுகாவல் அரசு மட்டுமே. பினாங்கும் மலாக்காவும் அப்படியல்ல. கிழக்கிந்தியக் கும்பினியின் பிரான்சிஸ் லைட் 1786இல் இறங்கிய தீவிலும், 1800இல் கெடாவிடமிருந்து பெற்ற எதிர்க்கரையிலும், தனியாருக்கு வழங்கப்படாத நிலம் பிரிட்டிஷ் முடியரசின் சொத்து. ஆகவே இங்கே ஆட்சி மாற்றத்தோடு சொத்து மாற்றமும் சேர்ந்தே வந்தது. அது லண்டனுக்கும் மலாயாவுக்கும் இடையே நடந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. உண்மையான பங்கீடு பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் இடையே நடந்தது என்பதே என் வாதம்.

சான்று கூட்டரசு அரசமைப்பின் 166ஆம் விதியில் உள்ளது. அதன் முதல் வடிவின்படி, முடியரசிடமிருந்த நிலம் பினாங்கு மாநிலத்தைச் சேரும். பிற சொத்துகள் எந்த அரசின் பயனுக்காக இருந்தனவோ அந்த அரசைச் சேரும். இதுவரை சிக்கலில்லை. மூன்றாம் உட்பிரிவு வேறு கதை. மெர்டேக்காவுக்குச் சற்று முன்புவரை கூட்டரசோ, பிரிட்டிஷ் அரசோ, பொது அமைப்போ கையாண்டுவந்த நிலம், கூட்டரசுப் பணிக்குத் தேவைப்படும்வரை கூட்டரசின் கையிலோ அந்தப் பொது அமைப்பின் கையிலோ இருக்கும். பட்டா மாநிலத்தின் பெயரில், சாவி கூட்டரசின் இடுப்பில். மாநிலத்துக்குக் கிடைத்த ஈடு இரண்டு தடைகள்: அதன் இசைவின்றி நிலத்தை விற்கவோ வேறு வேலைக்குத் திருப்பவோ முடியாது, ஒரு கூட்டரசுப் பயனிலிருந்து இன்னொரு கூட்டரசுப் பயனுக்கு மாற்றவும் இசைவு வேண்டும். ஆனால் தேவை தீர்ந்துவிட்டதா என்று சொல்லப்போவது யார்? அனுபவிப்பவரே நடுவராகவும் அமரும் வாய்ப்பு திறந்தே கிடக்கிறது.

பினாங்கைக் கூட்டரசிலிருந்து பிரிக்கக் கோரிய இயக்கத்தைக் கண்டு அஞ்சிய கோலாலம்பூரின் முன்னெச்சரிக்கை இது என்று வாதிடலாம். ஆனால் அந்த இயக்கத்தின் தீர்மானம் 1949 பிப்ரவரியிலேயே தோற்றது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நிலத்தை மாநிலத்துக்கும் தற்காப்பு, துறைமுகம், ரயில், அஞ்சல் ஆகியவற்றைக் கூட்டரசுக்கும் அரசமைப்பு பிரித்துக் கொடுத்தபின், இப்படியொரு சமரசம் தவிர்க்க முடியாதது. துறைமுகத்தையே பாருங்கள். அதன் நிர்வாகம் 1956இலேயே பினாங்குத் துறைமுக ஆணையத்துக்குப் போய்விட்டது. 'பொது அமைப்பு' என்று விதி குறிப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

நகராட்சியின் நிலை வேறு. 1957 ஜனவரி 1 அன்று மாநகரமான பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ்டவுனின் மின்சாரமும் பேருந்துகளும் முடியரசின் சொத்தல்ல, மாநகர மன்றத்தின் சொத்து. தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன் மேயராக இருந்த காலத்திலும் அவை மன்றத்திடமே இருந்தன. மெர்டேக்கா தொடாத அந்த மின்சாரத் துறையை 1976இல் தேசிய மின்சார வாரியம் எடுத்துக்கொண்டது. காலனியச் சொத்து கைமாறிய கதையை 1957இல் முடிப்பவர்கள் இதைக் காண்பதில்லை.

படைத்தளங்களில் லண்டன் தன் பிடியைத் தளர்த்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1957 அக்டோபர் 12 அன்று கையெழுத்தான தற்காப்பு ஒப்பந்தம் தளங்களைப் பயன்படுத்தும் உரிமையை பிரிட்டனுக்கு உறுதிசெய்தது. ஒப்பிட்டுப் பாருங்கள்: மூன்றே நாளில், அக்டோபர் 15 அன்று, இலங்கை திருகோணமலைக் கடற்படைத் தளத்தைத் திரும்பப் பெற்றது. அதுவும் சுதந்திரம் வந்து ஒன்பது ஆண்டு கழித்து. பினாங்கின் எதிர்க்கரையில் ஆஸ்திரேலிய விமானப் படை நடத்திவந்த பட்டர்வொர்த் தளம் மலேசியப் படையிடம் 1988இல்தான் வந்தது.

கடன்களும் கைமாறின. பினாங்குக்காகக் கெடாவுக்கு ஆண்டுதோறும் கும்பினி ஒப்புக்கொண்ட தொகையை இன்று கூட்டரசு செலுத்துகிறது. நிலம் மாநிலத்துக்கு, அதற்கான பணம் கூட்டரசின் கஜானாவிலிருந்து!

166ஆம் விதியில் வேலை முடிந்த உட்பிரிவுகளை நாடாளுமன்றம் 1963இல் நீக்கியது, மூன்றாவதை விட்டுவைத்தது. மிண்டன் படைமுகாம் 1971இல் பல்கலைக்கழக வளாகமானதைப் போன்ற பயன் மாற்றங்களே அதன் இரண்டாம் தடை குறிவைப்பவை. ஆனால் அதன் எல்லை மெர்டேக்காவுக்கு முன்பே கையாளப்பட்ட நிலம் மட்டும். தஞ்சோங் தோக்கோங்கிலும் ஜெலுத்தோங்கிலும் பிற்காலத்தில் கடலைத் தூர்த்து எடுத்த மண்ணுக்கு அது பொருந்தாது. அங்கே கூட்டரசுக்கு இடம் வேண்டுமென்றால் மற்ற மாநிலங்களில் போலவே பொதுவான நில விதிகளின் வழியே மாநிலத்தை அணுகியாக வேண்டும்.