தொலைக்காட்சி மோகத்தைச் சாடும் பேய்ப்படங்கள்

தொலைக்காட்சியும் அது வளர்க்கும் நட்சத்திர மோகமும் மனிதரை விழுங்குவதைப் பேய்க்கதையாக்கிக் கண்டிக்கும் படங்கள் இவ்வகையில் அடங்கும். 1992 அக்டோபர் 31 அன்று பிபிசி ஒளிபரப்பிய ‘கோஸ்ட்வாட்ச்’ இவற்றின் முன்னோடிகளுள் ஒன்று. பேய் வீட்டிலிருந்து நேரலை என்ற பாவனையில், பிரபல தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சனே அதை நடத்தியதால் பலர் நிஜமென்று நம்பிப் பதறினர். 1999-இல் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ தொடங்கியபின் கமராக்கள் சூழ்ந்த வீடே திகிலின் களமாயிற்று. அப்படியொரு வீட்டைக் களமாக்கி 2002-இல் ‘மை லிட்டில் ஐ’ வந்தது. 2008-இல் சார்லி புரூக்கர் எழுதிய ‘டெட் செட்’ தொடரில், வெளியே ஊர் முழுதும் நடைபிணங்களாகிவிட்டதை அறியாமல் ‘பிக் பிரதர்’ போட்டியாளர்கள் வீட்டுக்குள்ளே சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் இவ்வகைக்கு மிக நெருங்கி வந்தது விக்ரம் கே. குமார் இயக்கி, 2009-இல் இந்தியிலும் ‘13பி’ என வெளியான ‘யாவரும் நலம்’. புது வீட்டில் குடியேறிய கூட்டுக் குடும்பத்துப் பெண்கள் நாள்தோறும் பகல் 1 மணிக்குப் பார்க்கும் சீரியலில், அவர்கள் வீட்டில் நடப்பவையே நடக்கின்றன. மாதவன் ஏற்ற மனோகர் மட்டுமே அதைக் கவனிக்கிறான்; மற்றவர்கள் தங்கள் கதையைத் தாங்களே ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். 1977-இல் அதே இடத்தில் கொல்லப்பட்ட குடும்பத்தின் மகள் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர். அவள்மீது பித்துக்கொண்ட ரசிகன் ஒருவனின் தற்கொலையே அழிவுக்கு வித்து. சிரிப்பு இப்படத்தில் குறைவு, சாடலோ ஆழமானது.

இதே தடத்தில் 2015-இல் வந்த அஸ்வின் சரவணனின் ‘மாயா’வில், பணமுடையிலுள்ள விளம்பர நடிகை, பேய்ப்படமொன்றைத் திரையரங்கில் தனியே பார்க்கும் பரிசுப் போட்டிக்கு ஒப்புக்கொள்கிறாள்.

தொலைக்காட்சியோடு வளர்ந்த இலங்கை மலையகத் தமிழருக்கு இக்கதைகள் அந்நியமல்ல. 1982-இல் தொடங்கிய இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் அலைபரப்புக் கோபுரம் பிதுருதலாகலை உச்சியில் நின்றது. பின்னர் வந்த டிஷ், டிக்கோயா, ஹட்டன் தோட்டத்து லயக் காம்பராக்களுக்குள் சென்னைச் சீரியல்களைக் கொண்டுவந்தது. சமையலும் பிள்ளைகளின் படிப்பும் உறக்கமும் ஒரே பெட்டியின் முன்னால் நடக்கும் வீட்டில், மனோகரின் குடும்பத்தை அடையாளம் காண்பது எளிது. 2017-இல் விஜய் டிவியில் கமல்ஹாசன் தொகுத்த ‘பிக் பாஸ்’ தமிழுக்கு வந்தது. 2019-இல் அதன் மூன்றாம் பருவத்தில் இலங்கைச் செய்தி வாசிப்பாளர் லொஸ்லியா பங்கேற்றார். 2023-இல் ஜீ தமிழின் ‘சரிகமப’ சிறுவர் மேடையில் தோட்டப்புறச் சிறுமி ஒருத்தி பாடினாள். அதுவரை பார்வையாளராக மட்டும் இருந்த மலையகச் சமூகம் அன்று மேடையேறியது.

இதற்கிடையே தமிழ்ப் பேய்ப்படம் நகைச்சுவைப் பக்கம் சாய்ந்தது. ‘லொள்ளு சபா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சினிமாவைக் கிண்டலடித்துப் பெயர்பெற்ற நடிகர் சந்தானம் அதற்கு முகமானார். எஸ். பிரேம் ஆனந்தின் ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ (2023) படத்தில் மாளிகைப் பேய்கள் போட்டி வைக்கின்றன, தோற்றவருக்கு மரணம். ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ (2025) யூடியூப் விமர்சகன் ஒருவனைப் பேய்ப்படத்துக்குள்ளேயே தள்ளுகிறது. அவனைப் பழிவாங்கும் பேய் இயக்குநராகச் செல்வராகவன் நடித்தார். விமர்சகனின் புகழாசையைத் தொடும் கரு நல்லதுதான். ஆனால் அடுக்கடுக்கான துணுக்குகள் அதன் கூர்மையை மழுக்கிவிட்டன. வீட்டுக் கூடத்திலேயே பேயை உட்காரவைத்த ‘யாவரும் நலம்’தான் இன்றுவரை இவ்வகையில் தமிழின் சிறந்த படம்.